வேலையளிப்போர் தரவு இணைப்பைச் சுங்கப் பதிவுகளால் சீர்செய்யும் முறை

ஊழியர்களின் ஊதியப் பதிவுகளை வேலையளிக்கும் நிறுவனங்களின் பதிவேட்டோடு இணைக்கும்போது, பெயர்ப் பிழைகளைவிட, ஒரு பதிவு கிளைக்குரியதா முழு நிறுவனத்துக்குரியதா என்ற அலகுக் குழப்பமே அதிகத் தொல்லை தருகிறது. ஊதியக் கணக்கு கிளையின் பேரிலும், ஏற்றுமதி இறக்குமதிக்கான சுங்க அறிக்கை தலைமை நிறுவனத்தின் பேரிலும் இருக்கக்கூடும். எனவே எந்தக் கிளை எந்த நிறுவனத்துக்கு, எந்த நாள் முதல் எந்த நாள் வரை உரியது என்ற அட்டவணையை முதலில் உருவாக்குங்கள். நிறுவனங்கள் பிரிவதும் கைமாறுவதும் வழக்கம் என்பதால், நாள் குறிக்காத அட்டவணை விரைவில் பழசாகிவிடும்.

அடுத்து, வரி எண் பொருந்தும் இடங்களில் அதைக் கொண்டே இணையுங்கள். எஞ்சியவற்றுக்குப் பெயர், முகவரி ஒற்றுமையின் அடிப்படையில், புள்ளியியலாளர்கள் ஃபெல்லெகியும் சன்டரும் 1969இல் முன்வைத்த நிகழ்தகவு முறைப்படி, இரு பதிவுகளும் ஒரே நிறுவனத்தைக் குறிக்கும் வாய்ப்புக்கு மதிப்பெண் இடுங்கள்.

இந்த மதிப்பெண் ஐயத்துக்கு இடமளிக்கும் இணைகளில்தான் வணிகத் தகவல் கைகொடுக்கும். சுங்கச் சரக்குக் குறியீட்டின் முதல் 6 இலக்கங்கள் உலகப் பொதுவானவை. அவற்றை, எந்தச் சரக்கு எந்தத் தொழிலுக்குரியது என்று காட்டும் ஒப்பீட்டு அட்டவணை வழியாகப் பதிவேட்டின் தொழில் வகைக் குறியீட்டோடு ஒப்பிடலாம். சரக்குக் குறியீடு 2012, 2017, 2022 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டதால், ஒவ்வோர் ஆண்டின் தரவுக்கும் அதற்குரிய பதிப்பையே பயன்படுத்த வேண்டும். மருந்து உற்பத்தி என்று பதிவான நிறுவனம் பருத்தி நூலை மட்டுமே ஏற்றுமதி செய்வதாகத் தெரிந்தால், அந்த இணைப்பை மறுபடி பார்ப்பது நல்லது. இதற்கு இறக்குமதியைவிட ஏற்றுமதியே நம்பகமான சான்று. ஏனெனில் இயந்திரங்களை எல்லாத் தொழில் நிறுவனங்களும் தருவிக்கின்றன. மொத்த வணிகர்கள் எந்தச் சரக்கையும் கையாள்வார்கள் என்பதால் அவர்களை இச்சோதனையிலிருந்து விலக்கிவிடுங்கள். சுங்கப் பதிவே இல்லாத நிறுவனத்துக்கு இச்சோதனையில் மதிப்பெண்ணைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். வெளிநாட்டு வணிகம் செய்யாதிருப்பது பொருந்தாமைக்கு அடையாளமன்று.

ஊழியர் எண்ணிக்கையையும் ஏற்றுமதி மதிப்பையும் அருகருகே வைத்துப் பாருங்கள். உற்பத்தி நிறுவனம் ஒன்றில் ஓரிரு ஊழியர்களும் பெருமளவு ஏற்றுமதியும் காணப்பட்டால், விடுபட்ட கிளையை முதலில் தேடுவதே என் பரிந்துரை.

பலர் கவனிக்கத் தவறும் சிக்கல் ஒன்று உண்டு: சுங்கத் தகவலால் ஏற்றுமதியாளர்களின் இணைப்பு மட்டும் மேம்படுவதால், ஏற்றுமதிக்கும் ஊதியத்துக்கும் உள்ள உறவை அதே தரவைக் கொண்டு ஆராய்ந்தால் முடிவு ஒருபக்கம் சாயக்கூடும். இதைச் சோதிக்க, எந்த இணைப்பு சுங்கத் தகவலால் உறுதியானது என்பதைத் தனி நெடுவரிசையில் குறித்துவைத்து, அத்தகவல் இல்லாமலும் ஒருமுறை இணைத்துக் கணக்கிட்டு, இரு முடிவுகளையும் சேர்த்தே வெளியிடுங்கள்.