சான் செபாஸ்தியானில் கூடாரம் போடப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஆகஸ்ட் மாதத்தில் சான் செபாஸ்தியானில் அறை தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஸ்பெயினிலேயே விலை கூடிய ஊர்களில் அது ஒன்று. லா கோன்ச்சா வளைகுடாவை ஒட்டிய ஓட்டல் வாடகைகள் மாணவர்களுக்கும், புதிதாக வேலையில் சேர்ந்தவர்களுக்கும் கட்டுப்படியாகாது. ஊருக்கு மேற்கே இகெல்தோ மலையில் கேம்பிங் இருக்கிறது. நாலு நண்பர்கள் சேர்ந்து அங்கே கூடாரம் அடித்தால், அதே கடல், அதே பழைய நகரம், பின்ச்சோ என்ற சின்னச் சின்னத் தின்பண்டங்கள் விற்கும் அதே கடைகள் எல்லாம் கைக்கு எட்டும் செலவில் கிடைத்துவிடும். பிரான்ஸிலோ ஜெர்மனியிலோ படிக்கிற நம்மவர்கள் கும்பலாகக் கிளம்புவதற்கு இதைவிட நல்ல ஊர் எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் இந்தப் பயணம் கெட்டுப்போகும்போது, பெரும்பாலும் பத்து இருபது யூரோ மிச்சம் பிடிக்கப் போய்த்தான் கெட்டுப்போகிறது. எதில் கையை இறுக்கலாம், எதில் இறுக்கக் கூடாது என்று கிளம்பும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பார்சிலோனா வெயிலை நம்பிக் கிளம்புவது

முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். ஸ்பெயின், கடற்கரை, கோடை என்றதும் மத்தியதரைக் கடல் வெயில் கண்ணுக்குள் வந்துவிடுகிறது. சான் செபாஸ்தியான் இருப்பது வடக்கே, அட்லாண்டிக்கின் பிஸ்கே விரிகுடாவில். பார்சிலோனாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மில்லிமீட்டர் மழை என்றால் இங்கே சுமார் 1,500. கோடையும் இதற்கு விலக்கில்லை. சிரிமிரி என்று ஊர்க்காரர்கள் சொல்லும் நுண்ணிய தூறல் ஒன்று உண்டு. குடை விரிக்கவே யோசிப்பீர்கள், அரை மணி நேரத்தில் சட்டை ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த மலைகள் பச்சைப் பசேலென்று இருப்பதற்குக் காரணமே இந்த மழைதான்.

அதனால் கூடாரத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பூங்காவில் நிழலுக்கு விரிக்கும் ஒற்றைத் துணிக் கூடாரம் இங்கே ஒரு ராத்திரி தாங்காது. உள் கூடாரம் தனி, மழைக்கான மேல்துணி தனி என்று இரண்டு அடுக்கு இருக்க வேண்டும். மேல்துணியின் நீர்தாங்கு அளவு 2,000 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். ‘4 பேர் கூடாரம்’ என்று உறையில் போட்டிருந்தால், நாலு பேர் தோளோடு தோள் ஒட்டிப் படுக்கலாம் என்று மட்டுமே பொருள். பைகளையும் ஈரச் செருப்புகளையும் சேர்த்தால் அது மூன்று பேருக்குத்தான் சரி. நாலு பேரை அதில் திணித்தால் யாராவது ஒருவர் உள்துணியில் சாய்ந்தபடியேதான் தூங்க வேண்டியிருக்கும். உள்துணி மேல்துணியைத் தொடும் இடத்தில்தான் ஈரம் உள்ளே இறங்கும். காலையில் அவருடைய ஸ்லீப்பிங் பேக் ஒரு பக்கம் முழுக்க நனைந்திருக்கும்.

தார்ப்பாய் விஷயத்தில் நல்ல எண்ணத்தோடு செய்யும் ஒரு தவறு உண்டு. தரை ஈரமாக இருக்குமே என்று கூடாரத்துக்கு அடியில் பெரிய தார்ப்பாயை விரிப்பார்கள். நாலு பக்கமும் அரை அடி வெளியே நீண்டிருக்கும். மேல்துணியில் வழியும் மழைநீர் நேராக அந்த நீட்டலில் விழுந்து, அங்கிருந்து உள்பக்கமாக ஓடி, கூடாரத்தின் அடித்துணிக்கும் தார்ப்பாய்க்கும் நடுவில் தேங்கும். பிறகு எவ்வளவு நல்ல கூடாரமும் தண்ணீர் மெத்தைதான். தார்ப்பாய் கூடாரத்தின் அடியைவிட ஒரு விரற்கடை சிறியதாக இருக்க வேண்டும். பெரிதாக இருந்தால் ஓரத்தை உள்ளே மடித்துவிடுங்கள்.

ஜூலை, ஆகஸ்டிலும் மலைமேல் இரவு வெப்பம் 16, 17 டிகிரிக்கு இறங்கும். ஒரு ஸ்வெட்டரும் காற்று புகாத மழைக்கோட்டும் ஆளுக்கு ஒன்று கட்டாயம் வேண்டும்.

கலெர்னாவைத் தெரியாமல் கடற்கரைக்குப் போவது

மழையை எல்லோரும் எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள். கலெர்னா என்ற காற்றைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு யாரும் சொல்வதில்லை. தெற்கிலிருந்து வெப்பக் காற்று வீசும் நாள், ஊரே புழுங்கும், வானம் தெளிவாக இருக்கும். மதியத்துக்கு மேல் திடீரென்று காற்று திசைமாறி வடமேற்கிலிருந்து கடலைக் கிழித்துக்கொண்டு வரும். சில நிமிடங்களில் வெப்பம் பத்து டிகிரிக்கு மேல்கூட இறங்கிவிடும். கடற்கரைக் குடைகள் பறக்கும். 1912 ஆகஸ்டில் அடித்த கலெர்னாவில் இந்தக் கடலில் 143 மீனவர்கள் இறந்துபோனார்கள்.

இகெல்தோவில் கூடாரம் போடுபவர்களுக்கு இதில் கூடுதல் உறவு ஒன்று இருக்கிறது. கேம்பிங் இருக்கும் சாலையின் பெயர் பாதிரியார் ஒர்கோலாகா சாலை. 1900 நவம்பரில் வந்த புயலை முன்கூட்டியே சொல்லி மீனவர்களை எச்சரித்த பாதிரியார் அவர். வானிலையை வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்ட அவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த மலைமேல் வானிலை ஆய்வகம் அமைய முன்னின்றார். அந்த மலையில்தான் நீங்கள் படுக்கப் போகிறீர்கள். காற்றைப் பார்ப்பதற்கென்றே தேர்ந்தெடுத்த மலை அது.

ஆகவே வெயில் நன்றாக இருக்கிறதே என்று கூடாரத்தை அரைகுறையாக நிறுத்திவிட்டுக் கீழே இறங்காதீர்கள். மூலை முளைகள் நாலோடு நிறுத்தாமல், பக்கவாட்டில் இழுத்துக் கட்டும் கயிறுகள் எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் போங்கள். முளையைக் கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து, தலை மட்டும் தெரியும்படி மண்ணில் இறக்க வேண்டும். நேராக அடித்த முளை ஒரு பலத்த இழுப்பில் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். காலையில் ஸ்பெயின் வானிலைத் துறையின் இணையப் பக்கத்திலோ, இந்த ஊர் இருக்கும் பாஸ்க் நாடு என்ற பகுதியின் வானிலை அமைப்பான யூஸ்கல்மெட்டிலோ எச்சரிக்கை இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

விமான டிக்கெட்டை மட்டும் பார்ப்பது

சான் செபாஸ்தியானுக்கென்று ஒந்தார்ரிபியாவில் ஒரு சின்ன விமான நிலையம் இருக்கிறது. மலிவு விமானங்கள் பெரும்பாலும் பில்பாவோவுக்கோ பிரான்ஸ் பக்கம் பியாரிட்ஸுக்கோதான் வரும். பில்பாவோ விமான நிலையத்திலிருந்து நேரடிப் பேருந்து உண்டு, சுமார் ஒன்றேகால் மணி நேரம். பிரான்ஸிலிருந்து ரயிலில் வந்தால் எல்லை ஊரான ஆந்தாயில் இறங்கி, தொபோ என்று எல்லோரும் சொல்லும் சின்ன ரயிலைப் பிடித்தால் முக்கால் மணிக்குள் ஊருக்குள் வந்துவிடலாம்.

தவறு எங்கே நடக்கிறதென்றால், முப்பது யூரோ குறைவு என்று இரவு பத்து மணிக்குத் தரையிறங்கும் விமானத்தைப் பிடிப்பதில். ஊருக்கு வரும்போது நள்ளிரவு. மலைக்குப் போகும் 16ஆம் எண் பேருந்து அதற்குள் நின்றிருக்கும், கேம்பிங் வரவேற்பறையும் பூட்டியிருக்கும். டாக்சிக்குக் கொடுப்பதில் மிச்சம் பிடித்த பணம் போய்விடும். பகலில் வந்து சேரும் டிக்கெட்டையே எடுங்கள். ஊரில் இருக்கும் நாட்களிலும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று முதல் நாளே நிறுத்தத்தில் பார்த்துப் போனில் படம் எடுத்து வையுங்கள்.

1912 முதல் ஓடும் இழுவை ரயில் ஒன்று ஒந்தார்ரெத்தா கடற்கரைப் பக்கமிருந்து இகெல்தோ குன்றின் உச்சிக்கு ஏறுகிறது. பெயரைப் பார்த்து அது கேம்பிங்குக்குப் போகும் என்று சுமையோடு ஏறிவிடாதீர்கள். அது போய் நிற்பது பழைய கேளிக்கைப் பூங்காவில். கேம்பிங் அங்கிருந்து இன்னும் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

அடையாள அட்டையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஸ்பெயினில் தங்குமிடங்கள், கேம்பிங் உட்பட, தங்குபவர் ஒவ்வொருவரின் விவரத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். ஒருவர் பெயரில் முன்பதிவு செய்துவிட்டு மற்றவர்கள் போனில் இருக்கும் பாஸ்போர்ட் படத்தைக் காட்டினால் வரவேற்பறையில் நிற்க வேண்டியதுதான். ஆந்தாய் எல்லையில் பிரெஞ்சு போலீஸார் சோதிப்பதும் உண்டு. இந்தியப் பாஸ்போர்ட்டில் பயணம் செய்பவர்கள் பாஸ்போர்ட்டையும் குடியிருப்பு அட்டையையும் அசலாகவே கையில் வைத்திருங்கள். இந்தியாவிலிருந்து ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிப்பவர்கள் கேம்பிங் முன்பதிவுச் சீட்டில் எல்லோருடைய பெயரும் வரும்படி கேட்டு வாங்கினால், தங்குமிடச் சான்றாக அதைக் காட்ட வசதி.

கடற்கரையிலேயே படுத்துவிடலாம் என்ற யோசனை

கும்பலில் யாராவது ஒருவர் இதைச் சொல்வார். ஸ்பெயினின் 1988 கடற்கரைச் சட்டம் கடற்கரையில் கூடாரம் போடுவதைத் தடை செய்கிறது. அபராதம் போடுவார்கள். கேம்பிங் கட்டணமே அதற்கு மலிவு.

அந்தக் கட்டணத்தைக் கணக்கிடுவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். முகப்பில் தெரியும் விலை சில நேரம் இடத்துக்கும் இரண்டு பேருக்கும் மட்டும் இருக்கும். மூன்றாவது ஆளிலிருந்து தனி, இரண்டாவது கூடாரம் தனி, கார் தனி, மின்சாரம் தனி. மொத்தத்தையும் தலைக்கு வகுத்துப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். மின்சாரம் இல்லாத சின்ன இடம் இருந்தால் நாலு பேர் கொண்ட குழுவுக்கு அது போதும், ஒரு பவர் பேங்க் கொண்டுபோனால் சரியாகிவிடும். ஆகஸ்ட் 15ஐ ஒட்டிய ‘பெரிய வாரம்’ திருவிழாவும், செப்டம்பரில் திரைப்பட விழாவும் நடக்கும்போது இடம் கிடைப்பதே பெரும்பாடு. என்னைக் கேட்டால் ஜூன் பிற்பாதி. இரவு பத்து மணி வரை வெளிச்சம், நெரிசலும் குறைவு.

அடுப்பு, ஞாயிற்றுக்கிழமை, பின்ச்சோ

கேஸ் உருளையை விமானத்தில் எந்தப் பையிலும் கொண்டுபோகக் கூடாது. அங்கே போய் வாங்க வேண்டும். வாங்கும்போது அடுப்புக்கும் உருளைக்கும் பொருந்துகிறதா என்று பாருங்கள். திருகி மாட்டும் வகை வேறு, அழுத்திப் பூட்டும் கேம்பிங்கேஸ் வகை வேறு, ஓட்டை போட்டு மாட்டும் வகை வேறு. ஸ்பெயின், பிரான்ஸ் கடைகளில் பின்னிரண்டும் சாதாரணமாகக் கிடைக்கும். திருகு வகைக்கு டெகத்லான் போன்ற கடையைத் தேட வேண்டியிருக்கும். வெறும் அடுப்போடு மலைமேல் உட்கார்ந்து குளிர்ந்த பீன்ஸ் டப்பாவைத் திறக்கும் குழுக்களைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

பாஸ்க் நாட்டில் ஞாயிற்றுக்கிழமையிலும் விடுமுறை நாளிலும் பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் திறக்காது. ஜூலை 31ம் சான் செபாஸ்தியான் இருக்கும் மாகாணத்தில் விடுமுறை, ஆகஸ்ட் 15 ஸ்பெயின் முழுவதும். சனிக்கிழமையே அரிசி, முட்டை, தக்காளி, ரொட்டி எல்லாம் வாங்கி வைத்துவிடுங்கள். தண்ணீர் பாட்டில் மட்டும் வாங்காதீர்கள், இந்த ஊர்க் குழாய்த் தண்ணீர் அருமையாக இருக்கும்.

பழைய நகரத்துப் பின்ச்சோ கடைகளில் ஒன்று 3, 4 யூரோ. மேடையில் அடுக்கியிருப்பதைப் பார்த்ததும் தட்டு நிறைய எடுத்து, ஒரே கடையில் இரவுச் சாப்பாட்டையே முடிக்கப் பார்ப்பது பணத்துக்கும் கேடு, ருசிக்கும் கேடு. ஊர்க்காரர்கள் ஒரு கடையில் ஒன்று அல்லது இரண்டு, நின்றபடியே, பிறகு அடுத்த கடை. அடுக்கி வைத்ததைவிடச் சொல்லிச் செய்யும் சூடான வகைகள்தான் சிறப்பு. வெளியே மேஜையில் உட்கார்ந்தால் பல இடங்களில் விலை கூடும். ஆளாளுக்குத் தனி பில் கேட்டு நெரிசலில் கடைக்காரரைத் தவிக்க விடாமல், ஆளுக்கு இருபது யூரோ போட்டு ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள். அங்கே நண்பர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் கவனம்: உருளைக்கிழங்கு சாலட்டில் ட்யூனா மீன் இருக்கும், ஆலிவும் மிளகாயும் குத்திய குச்சியில் நெத்திலி இருக்கும். வறுத்த பச்சை மிளகாய், காளான் ஆகியவற்றைக் கேளுங்கள். முட்டை சாப்பிடுவீர்களானால் தோர்த்தியா என்ற உருளைக்கிழங்கு ஆம்லெட் வயிற்றை நிரப்பும். நல்ல முழுச் சாப்பாடு வேண்டுமென்றால் வேலை நாள் மதியத்தில் ‘மெனு தெல் தியா’, அதாவது அன்றைய நாளின் சாப்பாடு. மூன்று சுற்று உணவு பெரும்பாலும் 15 முதல் 20 யூரோவுக்குள் முடியும். இரவு அதே சாப்பாட்டுக்கு இன்னும் நிறையக் கொடுக்க வேண்டிவரும்.

கடல் அதே இடத்தில் இருக்கும் என்று நினைப்பது

மத்தியதரைக் கடலில் ஓதம், அதாவது கடல்மட்டம் ஏறி இறங்குவது, கண்ணுக்கே தெரியாது. இங்கே பெரிய ஓத நாட்களில் நீர்மட்டம் 4 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். காலையில் அகலமாகக் கிடந்த லா கோன்ச்சா மணல், நீர் ஏறும்போது ஒடுங்கிவிடும். தண்ணீருக்கு அருகே பைகளையும் துண்டுகளையும் வைத்துவிட்டு எல்லோரும் நீந்தப் போகாதீர்கள். நீந்தத் தெரிந்தவர்களுக்குக்கூட முதல் நாள் லா கோன்ச்சாவே போதும். சுரியோலா அலைச்சறுக்குக் கடற்கரை, அங்கே இழுப்பு அதிகம். கொடி சிவப்பாக இருந்தால் இறங்கவே கூடாது.

அதிகம் காசு செலவில்லாத நாள் ஒன்று வேண்டுமானால் சுரியோலா முனையிலிருந்து ஊலியா மலைப் பாதையில் பசாயா துறைமுகம் வரை நடங்கள். மூன்று மணி நேரம் ஆகலாம். வழியெல்லாம் கீழே கடல். முடிவில் சின்னப் படகில் அக்கரை போய்விட்டுப் பேருந்தில் திரும்பலாம். மாலையில் ஒந்தார்ரெத்தாவின் கோடியில் எதுவார்தோ சில்லீதா 1977இல் பாறைகளில் பொருத்திய இரும்புச் சிற்பங்கள். அலை மோதும்போது தரையில் இருக்கும் துளைகள் வழியாகக் காற்று பீறிட்டு வரும்.

கிளம்பும் நாளைப் பற்றி ஒன்று. ஈரக் கூடாரத்தை அப்படியே சுருட்டினால் இரண்டு மூன்று கிலோ கூடும். விமான நிலையத்தில் அந்தக் கூடுதல் எடைக்குப் பணம் கட்ட வேண்டும். காலையில் எழுந்ததும் முதலில் மேல்துணியைக் கழற்றி உதறிக் கயிற்றில் போடுங்கள். பல் தேய்த்து, காபி குடித்து, மற்றதையெல்லாம் கட்டி முடிக்கும்போது அது காய்ந்திருக்கும். தூறல் விடவில்லையென்றால் மேல்துணியை மட்டும் தனி பிளாஸ்டிக் பையில் போட்டு, வீடு போய்ச் சேர்ந்த அன்றே விரித்துக் காயவையுங்கள். இரண்டு நாள் விட்டால் பூஞ்சை பிடித்துவிடும்.