கைத்துப்பாக்கித் தோட்டா மறுநிரப்பல்: கருவி வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தோட்டா என்பது நான்கு பாகங்கள் சேர்ந்தது: பித்தளை உறை, அடிபட்டதும் தீப்பற்றித் தூளை எரியவைக்கும் பிரைமர், வெடிமருந்துத் தூள், குண்டு. சுட்டு முடித்ததும் உறை மட்டும் முழுதாக மிஞ்சும். அதைச் சுத்தம் செய்து, பழைய அளவுக்கு அழுத்தி, மற்ற மூன்றையும் புதிதாகச் சேர்ப்பதைத்தான் ரீலோடிங் என்கிறார்கள். இலக்குச் சுடுதலில் ஈடுபடுபவர்கள் செலவைக் குறைக்கவும், தங்கள் துப்பாக்கிக்கு ஒத்துவரும் தோட்டாவைத் தாங்களே தயாரிக்கவும் இதில் இறங்குகிறார்கள். உரிமச் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் நாட்டில் மறுநிரப்பலுக்கு அனுமதி உண்டா, பிரைமரையும் தூளையும் யார் எவ்வளவு வைத்திருக்கலாம் என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளாமல் ஒரு திருகைக்கூட வாங்க வேண்டாம்.

புதிதாக வருபவர்கள் செய்யும் பெரும்பாலான தவறுகளுக்கு வேர் ஒன்றுதான். ஒரு மணி நேரத்தில் எத்தனை தோட்டா கிடைக்கும் என்ற கேள்வியோடு கருவி தேடுகிறார்கள். குண்டை வைத்து மூடுவதற்கு முன்னால் ஒவ்வோர் உறைக்குள்ளும் என்ன இருக்கிறது என்று என் கண்ணால் பார்க்க முடியுமா என்பதே அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி. மூடிய பிறகு தோட்டாவைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. தூளே இல்லாத தோட்டாவும் இரண்டு மடங்கு தூள் உள்ள தோட்டாவும் வெளியிலிருந்து ஒன்றுபோலவே தெரியும்.

பிரஸ்: வேகத்துக்கு ஆசைப்படுவது

உறையை டைக்குள், அதாவது உறைக்கு வடிவம் கொடுக்கும் அச்சுக்குள், நெம்புகோலால் அழுத்தும் கருவிதான் பிரஸ். அதில் மூன்று வகை உண்டு. ஒற்றை நிலைப் பிரஸ்ஸில் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் நடக்கும். டரட் வகையில் தேவையான டைகள் அனைத்தும் சுழலும் தலையில் பொருத்தப்பட்டிருக்கும். புரோகிரஸிவ் வகையில் நெம்புகோலை ஒருமுறை இழுத்தால் பல உறைகளில் பல வேலைகள் ஒரே சமயத்தில் நடந்து, இழுப்புக்கு ஒரு தோட்டா விழும். கடைசி வகையைப் பார்த்ததும் மனம் அதிலேயே நின்றுவிடுகிறது. அது நல்ல கருவிதான். ஆனால் பிரைமர் சரியாக உட்கார்ந்ததா, தூள் விழுந்ததா, குண்டு நேராக நிற்கிறதா, உறை அடுத்த நிலைக்கு நகர்ந்ததா என்று நான்கைந்து இடங்களை ஒரே நொடியில் கவனிக்கப் பழகிய கண் அதற்குத் தேவை. இடையில் ஏதாவது சிக்கி, நெம்புகோலைப் பாதியில் திருப்பி மறுபடி இழுத்தால், ஒரே உறைக்குள் இரண்டு முறை தூள் விழ வாய்ப்பு உண்டு. தொடங்கும் காலத்தில் இப்படிச் சிக்குவது அடிக்கடி நடக்கும்.

ஒற்றை நிலைப் பிரஸ் மெதுவானது, அதுவே அதன் பலம். ஐம்பது உறைகளைத் துளைத் தட்டில் வரிசையாக நிறுத்தி, எல்லாவற்றிலும் தூள் போட்டு, விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால், ஓர் உறையில் மட்டம் உயர்ந்தோ தாழ்ந்தோ இருப்பது உடனே தெரியும். பிறகு பெரிய பிரஸ் வாங்கினாலும் இது வீணாகாது. சோதனைத் தோட்டா செய்யவும் சிறு வேலைகளுக்கும் அதே மேசையில் அதற்கு இடம் இருக்கும். பொறுமை குறைந்தவர்களுக்கு டரட் பிரஸ்ஸைப் பரிந்துரைப்பேன். தானாகச் சுழலும் அமைப்பை முதலில் கழற்றி வைத்துவிட்டு, அதை ஒற்றை நிலைப் பிரஸ்போலவே பயன்படுத்திப் பழகலாம்.

முழுப் பெட்டியாக விற்கும் தொகுப்புகளில் ஒரு சிக்கல் உண்டு. பிரஸ், தராசு, தூள் அளப்பான், புனல் எல்லாம் அதில் இருக்கும். டைகளும் உறை பிடிப்பானும் நீளம் அளக்கும் காலிப்பரும் பெரும்பாலும் தனியாகத்தான் வாங்க வேண்டும். எல்லாம் வந்துவிட்டது என்று நினைத்து உட்கார்ந்தவர், கையில் இருப்பதை வைத்துச் சமாளிக்கத் தொடங்குவார். விபத்துக்கு அதுவே வழி.

தராசில் மிச்சம் பிடிப்பது

பிரஸ்ஸுக்குத் தாராளமாகச் செலவழித்துவிட்டுத் தராசில் மிச்சம் பிடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே பயமாக இருக்கிறது. தூளை கிரெய்ன் என்ற அலகில் அளக்கிறார்கள். 7,000 கிரெய்ன் ஒரு பவுண்டு, ஒரு கிராமில் ஏறத்தாழ 15.43 கிரெய்ன். கைத்துப்பாக்கித் தோட்டாவில் போகும் தூள் பல நேரங்களில் ஒற்றை இலக்கக் கிரெய்ன்தான். அந்தச் சிறிய அளவில் ஒரு கிரெய்னின் பத்தில் ஒரு பங்கைக்கூடக் காட்டும் தராசு வேண்டும். நகை எடை போட விற்கும் சிறு மின்தராசுகள் 0.01 கிராம் வரை காட்டும் என்று பெருமையாகப் போட்டிருக்கும். 0.01 கிராம் என்பது 0.15 கிரெய்ன். போதாது. போதாததோடு, பொத்தானைத் தவறி அழுத்தினால் அலகே கிராமுக்கோ காரட்டுக்கோ மாறிவிடும், திரையில் எண் மட்டும் அப்பாவியாக நிற்கும்.

மின்தராசு வாங்கினால் கூடவே சோதனை எடைக்கற்களும் வாங்குங்கள். தராசைச் சரிபார்க்க அதனுடன் வரும் கனமான கல் மட்டும் போதாது. நீங்கள் அளக்கப்போகும் அளவுக்கு அருகிலுள்ள சிறிய கல்லும் வேண்டும், ஏனெனில் பெரிய எடையைச் சரியாகக் காட்டும் தராசு சிறிய எடையில் பிசகலாம். மின்விசிறிக் காற்று, அறையின் சூடு, அருகிலுள்ள கைப்பேசி எல்லாம் அதை அலைக்கழிக்கும். பழைய பாணித் துலாத் தராசு மெதுவானது, ஆனால் மின்சாரமும் வேண்டாம், அளவு மெல்ல நகரும் தொல்லையும் இல்லை. இரண்டும் வைத்திருந்து ஒன்றை மற்றொன்றால் சரிபார்ப்பது வீண் செலவு ஆகாது.

இவ்வளவு துல்லியம் எதற்கு என்பவர்களுக்கு ஓர் எண். 9 எம்எம் லூகர் தோட்டாவுக்கு அமெரிக்கத் தர அமைப்பான சாமி (SAAMI) வகுத்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. உங்கள் முகத்துக்கு ஒரு கை நீளத்தில் அந்த அழுத்தம் உருவாகிறது.

காலிப்பரும் இதே கணக்கில் வரும். தோட்டாவின் மொத்த நீளத்தை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளந்தாக வேண்டும். 9 எம்எம் போன்ற சிறிய உறையில் குண்டு சற்றே ஆழமாக இறங்கினாலும் உள்ளே இடம் சுருங்கி அழுத்தம் கிடுகிடுவென்று ஏறிவிடும். அதனால் நீளம் என்பது அழகுக்கான அளவு அல்ல.

டை

இதில் நீண்ட யோசனை தேவையில்லை. கைத்துப்பாக்கி உறைகளுக்குக் கார்பைடு வளையம் உள்ள டைகளையே வாங்குங்கள். சாதாரண எஃகு டை என்றால் ஒவ்வோர் உறைக்கும் மசகு தடவி, பிறகு துடைக்க வேண்டும். டைகளின் மரை 7/8 அங்குலம், அங்குலத்துக்கு 14 சுற்று என்ற பொது அளவில் வருவதால் ஒரு நிறுவனத்தின் டை பெரும்பாலும் இன்னொரு நிறுவனத்தின் பிரஸ்ஸில் பொருந்தும். ஒரே முத்திரையைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை.

உறையின் வாயை இறுக்கும் முறையில்தான் பலர் சறுக்குகிறார்கள். தானியங்கிப் பிஸ்டல் தோட்டா, குழலின் பின்முனையிலுள்ள அறைக்குள் தன் உறையின் வாய் விளிம்பில்தான் நிற்கிறது. அங்கே விளிம்பை உள்ளே சுருட்டிவிட்டால் நிற்கும் இடமே போய்விடும், ஆகவே லேசாகச் சாய்த்து இறுக்கும் டேப்பர் முறை வேண்டும். ரிவால்வர் தோட்டா அடிப்பக்க விளிம்பில் நிற்கிறது. அதில் வாயைச் சுருட்டி இறுக்கலாம், அதிர்ச்சியில் குண்டு முன்னால் நகராமல் இருக்க அது உதவவும் செய்யும். எந்த டை எந்த வகையில் இறுக்கும் என்று வாங்கும்போதே பாருங்கள்.

தூளையும் குண்டையும் பெயர் பார்த்து வாங்குவது

கருவியில் செய்யும் தவறு பணத்தைத் தின்னும், பொருட்களில் செய்யும் தவறு விரலைத் தின்னும். முதல் தவறு, பொருட்களை வாங்கிய பிறகு எவ்வளவு தூள் போடுவது என்று அளவு தேடுவது. வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். தூள் தயாரிப்பாளரோ குண்டுத் தயாரிப்பாளரோ வெளியிட்ட அளவுக் கையேடு ஒன்றாவது, முடிந்தால் இரண்டு, முதலில் மேசைக்கு வரட்டும். உங்கள் துப்பாக்கியின் தோட்டாவுக்கு, கிடைக்கக்கூடிய ஒரு குண்டுக்கு, அதில் எந்தத் தூள்கள் பட்டியலிடப்பட்டிருக்கின்றன என்று பார்த்து, அதன்பிறகு கடைக்குப் போங்கள். நண்பர் சொன்னதும், யாரோ எழுதியதும், பழைய டப்பாவில் பேனாவால் கிறுக்கியிருப்பதும் அளவு ஆகாது. கையேட்டின் தொடக்க அளவிலிருந்துதான் தொடங்க வேண்டும். உச்ச அளவிலிருந்து தொடங்கக் கூடாது.

தூளைத் தேர்ந்தெடுக்கும்போது புதியவர்கள் விலையைப் பார்க்கிறார்கள். வேகமாக எரியும் தூளில் தோட்டாவுக்கு மிகக் குறைந்த அளவே போதும், ஒரு டப்பா நெடுநாள் வரும். இங்கேதான் .38 ஸ்பெஷல் நல்ல பாடம். 1898இல் கரும்பொடி என்ற பழைய வகை வெடிமருந்துக்கு ஏற்றபடி வடிவமைக்கப்பட்ட உறை அது, உள்ளே இடம் தாராளம். இன்றைய வேகத் தூள் அதன் அடியில் கொஞ்சமாகக் கிடக்கும். இரண்டு முறை விழுந்தாலும் வழியாது, மூன்று முறை விழுந்தாலும் அடங்கிவிடலாம். ஆகவே கையேட்டில் உள்ளவற்றுள், உறையில் பாதிக்குமேல் நிரப்பக்கூடிய பருமனான தூளைத் தேர்ந்தெடுங்கள். அது இரண்டாம் முறை விழுந்தால் உறையின் வாயில் பொங்கி நிற்கும், தவறு தானே கையை உயர்த்திக் காட்டும். சில காசு கூடுதலாகப் போவதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

பெயர்களும் ஏமாற்றும். ரைஃபிள் தூள்களில் ஐஎம்ஆர் 4350, எச் 4350 என்று இரண்டு உண்டு. எண் ஒன்று, தூள் வேறு, அளவுகளும் வேறு. நிறத்தையும் மணிகளின் வடிவத்தையும் பார்த்துத் தூளை அடையாளம் காண முடியாது. எனவே மேசையில் ஒரு நேரத்தில் ஒரே டப்பா, வேலை முடிந்ததும் அளப்பானில் மிஞ்சியது அதே டப்பாவுக்கு. எதுவென்று சந்தேகம் வந்த தூளைத் தூக்கி எறிவதே சிக்கனம். முதல் வாங்கலிலேயே எட்டுப் பவுண்டு கலம் வாங்குவதும் தவறு. உங்கள் துப்பாக்கிக்கு அது பிடிக்குமா என்று இன்னும் தெரியாது.

குண்டின் பெயரும் அதன் விட்டமும் ஒன்றல்ல. .38 ஸ்பெஷலின் உலோகக் கவசக் குண்டு 0.357 அங்குலம். 9 எம்எம் லூகருடையது 0.355. 9 எம்எம் மகரோவ் என்ற தோட்டாவுக்கோ ஏறத்தாழ 0.365 வேண்டும். பெட்டியில் ஒன்பது என்று எழுதியிருப்பதை நம்பி வாங்கக் கூடாது. எடை ஒன்றாக இருந்தாலும் வடிவம் மாறினால் குண்டு உறைக்குள் இறங்கும் ஆழம் மாறும், ஆகவே ஒரு குண்டுக்குச் சொன்ன தூள் அளவை இன்னொன்றுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. வெறும் ஈயக் குண்டு மலிவு என்று வாங்குவதற்கு முன், உங்கள் துப்பாக்கியின் கையேடு அதை அனுமதிக்கிறதா என்றும் பாருங்கள். உட்புறச் சுழல் வரி பல்கோண வடிவில் அமைந்த குழல்களுக்கு அதைப் பரிந்துரைக்காத தயாரிப்பாளர்கள் உண்டு.

பிரைமரும் உறையும்

சிறிய பிஸ்டல் பிரைமரும் சிறிய ரைஃபிள் பிரைமரும் அளவில் ஒன்றுபோல இருப்பதால் ஒன்று மற்றொன்றின் குழிக்குள் போய் உட்காரும். உட்காருகிறது என்பதற்காக மாற்றிப் போடக் கூடாது, பிரைமரின் உலோகக் கிண்ணத்தின் தடிப்பும் உள்ளே உள்ள கலவையும் வேறு. கையேடு எந்த வகையைச் சொல்கிறதோ அதே வகை. பிரைமர்களைத் தொழிற்சாலைப் பெட்டியிலேயே வையுங்கள். அந்தப் பெட்டி அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கி வைப்பதற்காகவே அப்படி வடிவமைக்கப்பட்டது. கண்ணாடிச் சீசாவில் மொத்தமாகக் கொட்டி வைத்தால் ஒன்று வெடிக்கும்போது எல்லாம் வெடிக்கும்.

சுடுதளத்தில் பொறுக்கிய உறைகள் இலவசம்தான், ஆனால் உட்கார்ந்து பிரிக்க வேண்டும். உள்ளே வெளிச்சம் பாய்ச்சிப் பாருங்கள். நடுவில் ஒரே துளை இருந்தால் பாக்ஸர் வகை, அதை மறுநிரப்பலாம். இரண்டு சிறு துளைகள் இருந்தால் பெர்டான் வகை. சாதாரண டையின் ஊசி அதில் முறிந்துவிடும், ஒதுக்குங்கள். .45 ஏசிபி உறைகளில் பெரிய பிரைமர் குழி உள்ளதும் சிறியது உள்ளதும் கலந்து வரும். 9 எம்எம் குவியலில், பார்க்க அதுபோலவே இருக்கும் சற்றுக் குட்டையான .380 உறைகள் ஒளிந்திருக்கும். அலுமினிய உறைகளையும், வெடிப்போ வீக்கமோ உள்ளவற்றையும் தயங்காமல் கழித்துவிடுங்கள்.

பட்டியலில் விட்டுப்போகும் பொருட்கள்

பாதுகாப்புக் கண்ணாடி. மேசைக்கு நேர் மேலே ஒரு நல்ல விளக்கு. தவறாகச் செய்த தோட்டாவைப் பிரிக்கும் சுத்தியல் வடிவக் கழற்றி. இது இல்லாதவர் சந்தேகமுள்ள தோட்டாவைச் சுட்டுப் பார்க்கத் துணிவார் என்பதால், இதை முதல் நாளே வாங்க வேண்டும் என்பேன். தோட்டா அறைக்குள் சரியாக உட்காருமா என்று பார்க்கும் அளவுக்கட்டை. அது இல்லையென்றால், துப்பாக்கியிலிருந்து கழற்றிய குழலில் தோட்டாவைப் போட்டுப் பார்க்கலாம்.

உறை சுத்தம் செய்யும் சுழல் கலம் வாங்கும்போது ஈயத்தை நினைவில் வையுங்கள். பல பிரைமர்களின் எச்சத்தில் ஈயம் இருக்கிறது. உலர் முறையில் அது தூசியாகப் பறக்கும், சமையலறையிலும் குழந்தைகள் நடமாடும் இடத்திலும் அதை ஓட்டவே கூடாது. நீரும் எஃகு ஊசிகளும் கொண்ட ஈர முறையில் தூசி எழாது, ஆனால் கழிவு நீரில் ஈயம் இருக்கும். எந்த முறையானாலும் மேசையருகே சாப்பிடாமல், குடிக்காமல் இருந்து, முடித்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவ வேண்டும்.

சுடுதளப் பைக்குள் ஒரு பித்தளைக் கோலும் இருக்கட்டும். தூள் விழாத தோட்டா, பிரைமரின் பலத்தில் மட்டும் குண்டைக் குழலுக்குள் தள்ளிப் பாதியில் நிறுத்திவிடும். சத்தம் மெலிந்து, உதைப்பு குறைந்து வந்தால் விசையை மறுபடி இழுக்காதீர்கள். குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்துச் சிறிது காத்திருந்து, துப்பாக்கியை முழுதும் காலி செய்து, குழலுக்குள் பார்த்துவிட்டு, சிக்கியிருந்தால் கோலால் தட்டி வெளியேற்றுங்கள். பின்னால் வரும் குண்டு அதன்மேல் மோதினால் குழல் வீங்கும் அல்லது வெடிக்கும். அன்று அதே தொகுதியில் செய்த மற்ற தோட்டாக்களைச் சுடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒன்றொன்றாகக் கழற்றி எடை போடுங்கள். அவை எந்தத் தொகுதி என்று தெரிய, தூளின் பெயர், அளவு, குண்டின் எடை, தேதி எழுதிய சீட்டு ஒவ்வொரு பெட்டியிலும் முதலிலிருந்தே ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.