மஞ்சள் வழித்தடத்தில் மெட்ரோ ரயில்களைக் கவனிப்பது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களுக்கு ஒரு தொடக்கநிலை விளக்கம்

ரயில்களைக் கவனித்துக் குறிப்பெடுக்கும் பொழுதுபோக்குக்குப் பெருநகரத்தில் வசிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கிருஷ்ணகிரி நகரம் ரயில் நிலையமே இல்லாத மாவட்டத் தலைநகரம். திருப்பத்தூரிலிருந்து வந்த குறுகிய அகல ரயில் பாதை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்டதோடு சரி. ஆயினும் 2025 ஆகஸ்ட் 10 அன்று பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் ஆர்.வி. சாலையிலிருந்து பொம்மசந்திரா வரை திறக்கப்பட்டதால், ஓசூரிலிருந்து அத்திப்பள்ளியைத் தாண்டினால் எட்டிவிடும் தொலைவுக்கு ஒரு மெட்ரோ முனையம் வந்திருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்தோ தருமபுரியிலிருந்தோ காலையில் பேருந்து ஏறினால், ஓசூரில் மாறிச் சென்று, மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம்.

"மெட்ரோ ரயில்கள் எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கின்றன, அவற்றில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ஒற்றுமைதான் இங்கே வேலையைச் சுவையாக்குகிறது. விரைவு ரயில்களுக்குப் பெயர் உண்டு, என்ஜின் உண்டு, ஊருக்கு ஊர் மாறும் பெட்டி அமைப்பு உண்டு. மெட்ரோவில் இவை எதுவும் இல்லாததால், எண்ணையும் நேரத்தையும் வைத்துத்தான் ஒரு ரயிலை இன்னொன்றிலிருந்து பிரித்தறிய வேண்டும். ஆகவே இதற்கு விலையுயர்ந்த கேமராவைவிட ஒரு நோட்டுப் புத்தகமே முதல் தேவை.

முதல் படி: உள்ளூரில் எண் படித்துப் பழகுதல்

தருமபுரி நிலையம் பெங்களூரு, ஓசூர், ஓமலூர், சேலம் பாதையில் இருக்கிறது. கோவை - பெங்களூரு வந்தே பாரத் ரயிலும் எர்ணாகுளம் இன்டர்சிட்டியும் அங்கே நின்று செல்கின்றன. இன்னும் அதிக ரயில்களைப் பார்க்க விரும்புபவர்கள், சென்னை - சேலம் முதன்மைப் பாதையில் உள்ள மொரப்பூருக்குச் செல்லலாம். நடைமேடைச் சீட்டு வாங்கிக்கொண்டு, நிற்கும் ரயிலின் பெட்டி எண்களை முதலில் எழுதுங்கள். இந்திய ரயில்வேயின் பயணிகள் பெட்டி எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் அது தயாரிக்கப்பட்ட ஆண்டைக் குறிக்கும் என்பதால், 19 என்று தொடங்கினால் அது 2019ஆம் ஆண்டுப் பெட்டி. பின்னர் ஓடும் ரயிலில், வண்டிக்கு ஒரே ஓர் எண்ணை மட்டும் குறிவைத்துப் படித்துப் பழகுங்கள். எல்லாவற்றையும் படிக்க முயன்றால் ஒன்றும் தேறாது.

இரண்டாம் படி: நோட்டில் கோடு போடுதல்

தேதி, நேரம், நிலையம், செல்லும் திசை, ரேக் எண், குறிப்பு என ஆறு பத்திகள் போதும். ரேக் என்பது சேர்த்தே ஓட்டப்படும் ஒரு முழுத் தொடர்; மஞ்சள் வழித்தடத்தில் ஒரு ரேக்கில் ஆறு பெட்டிகள். நேரத்தை விநாடி வரை எழுதுங்கள், அதன் பயன் பின்னால் தெரியும்.

மூன்றாம் படி: நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

வழித்தடத்தின் நீளம் 19.15 கிலோமீட்டர், 16 நிலையங்களும் மேம்பாலத்தின் மேல்தான் உள்ளன. புதியவர்களுக்குப் பொம்மசந்திரா முனையமே ஏற்றது. அங்கே ஒவ்வொரு ரயிலும் வந்து நின்று, லோகோ பைலட் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சென்று, திரும்பப் புறப்படும் வரை எண்ணைப் படிக்க நேரம் கிடைக்கும். வழித்தடத்தின் பணிமனையும் இந்த முனையை ஒட்டிய ஹெப்பகோடியில்தான் இருக்கிறது. மறுமுனையான ஆர்.வி. சாலையில் பச்சை வழித்தடமும் சந்திப்பதால், இரண்டு வகை ரயில்களை அடுத்தடுத்துப் பார்த்து ஒப்பிடலாம். பச்சை வழித்தடத்தில் நீண்ட காலமாக ஓடுபவை பெமல் நிறுவனம் செய்த ரயில்கள். மஞ்சள் வழித்தடத்துக்கு உரியவை சீனாவின் சி.ஆர்.ஆர்.சி. நிறுவனம் ஏற்ற ஒப்பந்தத்தில் வந்தவை. தொடக்க மாதிரிகள் சீனாவிலிருந்து கப்பலில் வர, மற்றவை மேற்கு வங்கத்தில் உள்ள டிட்டாகர் தொழிற்சாலையில் கட்டப்படுகின்றன. முகப்பின் வடிவம், கதவு மூடும்போது எழும் ஒலி, உள்ளே உள்ள வழித்தடப் பலகை ஆகிய மூன்றையும் ஒப்பிட்டால் இரு வகைக்கும் உள்ள வேறுபாடு பிடிபட்டுவிடும்.

படம் எடுக்க விரும்புபவர்களுக்கு ஜெயதேவா நிலையத்தின் சுற்றுப்புறத்தைப் பரிந்துரைப்பேன். ராகிகுட்டாவிலிருந்து சில்க் போர்டு வரை வாகனங்களுக்கான மேம்பாலமும் அதற்கு மேலே மெட்ரோவும் என இரண்டடுக்காகக் கட்டப்பட்ட பகுதி அது. பெங்களூரு மெட்ரோவில் மின்சாரம் தண்டவாளத்தின் ஓரமாகச் செல்லும் மூன்றாம் தண்டவாளத்தில், 750 வோல்ட் நேர்மின்னோட்டமாக வருகிறது. சென்னை மெட்ரோவிலோ 25,000 வோல்ட் மின்கம்பி தலைக்கு மேலே ஓடுகிறது. மேலே கம்பி இல்லாத காரணத்தால் பெங்களூருவில் ரயிலின் முகப்பும் வானமும் மறைப்பின்றிப் படத்தில் விழும். முகப்பில் ஒளிரும் ஊர்ப் பெயர்ப் பலகை எல்.இ.டி. விளக்குகளால் ஆனது, ஷட்டர் வேகத்தை (கேமரா ஒளியை உள்ளே விடும் வேகத்தை) மிகுதியாக வைத்தால் எழுத்துகள் பாதி அறுந்து விழும் என்பதால், நின்றிருக்கும் ரயிலைக் குறைந்த வேகத்தில் எடுப்பது நல்லது. கைபேசி மட்டும் வைத்திருப்பவர்கள் காணொளியாக எடுத்துப் பின்னர் நிறுத்திப் பார்த்து எண்ணைப் படிக்கலாம்.

நான்காம் படி: எத்தனை ரேக்குகள் ஓடுகின்றன என்று கணக்கிடுதல்

இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். அடுத்தடுத்த இரு ரயில்களுக்கு இடைப்பட்ட நேரத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஏதேனும் ஒரு ரேக்கில் ஏறி முனையிலிருந்து முனைக்குப் பயணம் செய்து, ஓடும் நேரத்தையும் முனையத்தில் அது நிற்கும் நேரத்தையும் கூட்டி இரட்டிப்பாக்கினால் ஒரு முழுச் சுற்றுக்கான நேரம் கிடைக்கும். சுற்று நேரத்தை இடைவெளியால் வகுத்தால் வருவதே அப்போது ஓடும் ரேக்குகளின் எண்ணிக்கை. வழித்தடம் திறந்தபோது மூன்றே ரேக்குகள் 25 நிமிட இடைவெளியில் ஓடின. அதாவது ஒரு சுற்றுக்கு 75 நிமிடம். அதே சுற்று நேரத்துக்கு ஐந்து ரேக்குகள் வந்தால் இடைவெளி 15 நிமிடமாகிவிடும். உங்கள் விடையும் நோட்டில் உள்ள வெவ்வேறு ரேக் எண்களின் எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால், இடையில் ஒரு ரேக் பணிமனைக்குப் போயிருக்கலாம், அல்லது கூட்ட நேரத்துக்கென்று ஒன்று புதிதாக இறக்கப்பட்டிருக்கலாம். எந்த ரேக், எந்த நேரத்தில் மறைந்தது என்று நோட்டைப் புரட்டிக் கண்டுபிடிப்பதில் ஒரு துப்பறிவாளரின் மகிழ்ச்சி இருக்கிறது.

காதுக்கும் வேலை உண்டு. ரயில் புறப்படும்போது மோட்டாரின் சுருதி படிப்படியாக ஏறுவதைக் கேட்கலாம். மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தின் அலைவெண்ணை மாற்றித்தான் வேகம் கூட்டப்படுகிறது. நிற்கும்போது அதே சுருதி தலைகீழாக இறங்கும், ஏனெனில் வேகம் குறையும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி மின்சாரத்தைத் திருப்பித் தருகிறது. பழகிய பிறகு, கண்ணை மூடிக்கொண்டே பெமல் ரயிலையும் மற்றதையும் வேறுபடுத்திச் சொல்லிவிடலாம்.

ஐந்தாம் படி: விதிகளை மதித்தல்

சீட்டு எடுத்து உள்ளே சென்றவர்கள் தங்குவதற்கு நேர வரம்பு உண்டு; மீறினால் அபராதம் விதிக்கப்படும். ஆகவே ஒரே நிலையத்தில் நீண்ட நேரம் உட்கார்ந்திருக்காமல், பயணம் செய்துகொண்டே குறிப்பெடுங்கள். பாதுகாப்புச் சோதனை நடக்கும் இடத்தையும் ஊழியர்களையும் பயணிகளையும் படம் பிடிக்க வேண்டாம். லோகோ பைலட்டின் கண்ணில் படும்படி பிளாஷ் அடிக்கக் கூடாது. முக்காலியோ பெரிய கேமராவோ கொண்டு போக விரும்பினால் நிலையக் கட்டுப்பாட்டாளரிடம் முன்னரே கேளுங்கள். யாரேனும் விசாரித்தால் நோட்டை விரித்துக் காட்டுவதே சிறந்த பதில். ஓசூர் சாலை நெடுகிலும் தமிழில் பேசினாலும் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள். கைபேசி தவறித் தண்டவாளத்தில் விழுந்தால் எக்காரணம் கொண்டும் இறங்காதீர்கள், மூன்றாம் தண்டவாளத்தில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும், ஊழியரிடம் சொல்லுங்கள். உள்ளூரில் பழகும்போதும் அப்படியே: ரயில் பாதையில் அத்துமீறி நுழைவோருக்கு 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவு ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்க இடமளிக்கிறது.

மஞ்சள் வழித்தடத்தின் ரேக்குகள் அனைத்தும் நோட்டில் ஏறிய பிறகு, ஆர்.வி. சாலையில் மாறிப் பச்சை வழித்தடத்துக்குச் செல்லுங்கள். அங்கே ரயில்கள் மிகுதி, இடைவெளி குறைவு. ஒரே நாளில் முடிக்க நினைக்காமல், ஒரு வருகைக்கு ஒரு திசையை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.