பட்டுப்பாதையில் முதல் பயணம்: சமர்கந்த், புகாரா, கிவா

உஸ்பெகிஸ்தான் போகிறவர்கள் எல்லோரும் நீலக் குவிமாடங்களைத் தேடித்தான் போகிறார்கள். அவை பார்க்க வேண்டியவைதான். ஆனால் பாலைவனத்துக்கு நடுவே இந்த ஊர்கள் எப்படிப் பிழைத்தன என்பது விமானத்தில் தாவிப் போனால் புரியாது. அதனால் கீழே உள்ள வழி தாஷ்கண்டிலிருந்து கிவா வரை முழுக்கத் தரைவழி. தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பார்த்துக்கொண்டே போங்கள்.

1. மாதத்தை முடிவு செய்யுங்கள்

ஏப்ரல், மே அல்லது செப்டம்பர், அக்டோபர். ஜூலையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். பத்து நாள் ஒதுக்கினால் ஓடாமல் பார்க்கலாம்.

2. விசா, பணம்

இந்திய பாஸ்போர்ட் உள்ளவர்கள் இ-விசாவுக்கு ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். டெல்லியிலிருந்து தாஷ்கண்டுக்கு நேரடி விமானம் உண்டு, சுமார் மூன்று மணி நேரம். அங்கே நாணயம் சோம். மடிப்போ கிழிசலோ இல்லாத டாலர் நோட்டுகளாகக் கொண்டுபோங்கள். தங்கும் விடுதியில் உங்கள் பெயரைப் பதிவு செய்து சீட்டு கொடுத்தால், ஊர் திரும்பும்வரை பத்திரமாக வையுங்கள்.

3. தாஷ்கண்டிலிருந்து சமர்கந்த்

அஃப்ரோசியாப் அதிவேக ரயில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலாக எடுக்கும். டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், தேதி முடிவானதுமே எடுத்துவிடுங்கள்.

சமர்கந்தில் இரண்டு நாள் போதும். ரெஜிஸ்தான் சதுக்கத்துக்குக் காலையில் ஒருமுறை, விளக்கு போட்ட பிறகு ஒருமுறை போங்கள். மூன்று மதரஸாக்களில் மூத்தது தைமூரின் பேரன் உலூக் பெக் கட்டியது, 1420-இல் முடிந்தது. தைமூரின் சமாதி, ஷாஹி ஜிந்தா என்ற சமாதி வளாகம் இரண்டையும் விடாதீர்கள். சியாப் சந்தையில் 'நோன்' எனப்படும் ரொட்டி வாங்குங்கள். நடுவில் அச்சுக் குத்திய பூவேலை, ஓரம் உப்பி, மேலே எள். அதைக் கவிழ்த்து வைப்பதை அங்கே மரியாதைக் குறைவாக நினைப்பார்கள், கவனம்.

4. சமர்கந்திலிருந்து புகாரா: இங்கே ரயில் வேண்டாம்

ஒரு கார் பேசிக்கொள்ளுங்கள். புறப்படும் முன்பே ஓட்டுநரிடம் "ரபாதி மாலிக்" என்று சொல்லிவிடுங்கள். நவோயி நகரைத் தாண்டி, நெடுஞ்சாலை ஓரமாக 11-ஆம் நூற்றாண்டின் வணிகர் சத்திரம் ஒன்றின் செங்கல் வாசல் நிற்கிறது. சுவர்கள் பெரும்பாலும் போய்விட்டன, வாசல் மட்டும் கம்பீரமாக மிஞ்சியிருக்கிறது. சாலையைக் கடந்தால் எதிரே 'சர்தோபா' எனப்படும் குவிமாடம் போட்ட நீர்த்தொட்டி. ஜரஃப்ஷான் ஆற்றுத் தண்ணீரை வாய்க்காலில் கொண்டுவந்து இதற்குள் சேர்த்தார்கள். வெயிலில் ஆவியாகாமல் காக்கத்தான் குவிமாடம். எனக்கு ரெஜிஸ்தானைவிட இந்த இடம்தான் பட்டுப்பாதையைப் புரியவைத்தது. 2023-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஜரஃப்ஷான்–கரகும் வழித்தடத்தில் இதுவும் அடக்கம்.

5. புகாராவில் மூன்று நாள்

பழைய நகருக்குள்ளேயே தங்குங்கள், எல்லாம் நடக்கும் தூரம்தான். 1127-இல் கட்டிய கல்யாண் கோபுரம் சுமார் 46 மீட்டர் உயரம். அப்புறம் கூரை போட்ட பழைய கடைத்தெருக்கள். ஒவ்வொன்றும் ஒரு தொழிலுக்கு: பொற்கொல்லர்களுக்கு ஒன்று, தொப்பி விற்பவர்களுக்கு ஒன்று, நாணயம் மாற்றுபவர்களுக்கு ஒன்று. இந்தியாவிலிருந்து போன வட்டித்தொழில்காரர்களும் வணிகர்களும் இந்த ஊரில் தங்கித் தொழில் செய்திருக்கிறார்கள்.

மாலையில் லாபி ஹவுஸ் குளத்தங்கரையில் பச்சைத் தேநீருடன் உட்காருங்கள். இப்படி நிறையக் குளங்கள் இருந்த ஊர் இது. அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு நரம்புச்சிலந்தி நோய் வந்துகொண்டே இருந்ததால், சோவியத் காலத்தில் பெரும்பாலானவற்றை வற்றவைத்துவிட்டார்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே விசாரியுங்கள். புலாவில் இறைச்சி கட்டாயம் இருக்கும். பூசணி வைத்த சம்சா, தக்காளி–வெங்காய சாலட், ரொட்டி, தயிர் கிடைக்கும்.

6. கிசில்கும் பாலைவனத்தைப் பகலில் கடந்துபோங்கள்

புகாராவிலிருந்து கிவா ஏறக்குறைய 450 கி.மீ. ரயிலும் உண்டு, ஆனால் முதல்முறை என்றால் காரில், விடிந்ததும் கிளம்புங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், டிஷ்யூ, கொறிக்க ஏதாவது. வழியில் கழிப்பறைகள் சுமார்தான். மணிக்கணக்கில் மணலும் சக்சவூல் புதரும் மட்டுமே. பிறகு அமு தாரியா ஆறு தென்படும். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பாருங்கள். 1960-களிலிருந்து பருத்திக்காக இதன் நீரையும் சிர் தாரியா ஆற்றின் நீரையும் திருப்பியதால்தான் ஆரல் கடல் வற்றியது.

7. கிவா

இச்சன் கலா கோட்டைக்குள் ஓர் இரவாவது தங்குங்கள். பகல்நேரச் சுற்றுலாக் கூட்டம் போனபின் மண் சுவர்களின் நிறம் மாறுவதை நிதானமாகப் பார்க்கலாம். கட்டி முடியாமல் பாதியில் நின்றுபோன கால்தா மினார் கோபுரம் வாசலருகே இருக்கிறது. ஜுமா மசூதியில் 200-க்கும் மேற்பட்ட மரத்தூண்கள், ஒன்றின் செதுக்கல் இன்னொன்றில் இல்லை. தூண்களின் அடிப்பகுதியைக் குனிந்து பாருங்கள், வேலைப்பாடு அங்கேதான் அதிகம்.

8. திரும்புதல்

கிவாவிலிருந்து உர்கெஞ்ச் விமான நிலையம் சுமார் 35 கி.மீ. அங்கிருந்து தாஷ்கண்டுக்குப் பறந்துவிடலாம். டெல்லி விமானத்தை அதே நாளில் போடாதீர்கள், நடுவில் ஓர் இரவு விடுங்கள்.