சுகர் உள்ள பூனைக்குப் பல்வலியும் வந்தால்: சாப்பாட்டில் செய்யக்கூடாதவை

சுகர் வந்த பூனைக்கு வாய்ப்புண்ணோ பல்வலியோ சேர்ந்துகொண்டால் நம் வீடுகளில் முதலில் தட்டில் விழுவது பால் சாதம். மெல்ல வேண்டியதில்லை, வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும், பூனையும் நக்கி நக்கிச் சாப்பிடும், வயிறு நிறைந்ததே என்று நமக்கும் நிம்மதி. ஆனால் அதில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்தும் பால் சர்க்கரையும்தான். பூனை இறைச்சி தின்னப் பிறந்த உயிர், மாவுச்சத்தைக் கையாளும் திறன் அதற்கு இயல்பிலேயே குறைவு. தயிர் சாதம், நாலு துண்டு மீன் போட்டுப் பிசைந்த சோறு, பாலில் ஊறிய பிஸ்கட் எல்லாமே இதே கணக்கு. தாத்தாவுக்குச் சொன்னது போல அரிசியை நிறுத்திவிட்டுக் கோதுமைக்கும் ராகிக்கும் மாறுவதிலும் பிரயோஜனம் இல்லை, பூனைக்கு எல்லாத் தானியமும் ஒன்றுதான்.

அடுத்தது ட்ரை ஃபுட்டை வெந்நீரில் ஊறவைப்பது. ஊறினால் மென்மையாகும், உள்ளே இருக்கும் மாவு குறையாது. பாக்கெட்டின் பின்னால் கார்போஹைட்ரேட் அளவு பெரும்பாலும் போட்டிருக்காது, நாமேதான் கழித்துப் பார்க்க வேண்டும். புரதம் 30, கொழுப்பு 10, நார் 4, ஈரம் 10, சாம்பல் (தாது உப்புகள்) 8 என்று போட்டிருந்தால் 100-ல் மிச்சம் 38, அது அத்தனையும் மாவுச்சத்து. சாம்பல் அளவு இல்லாத ட்ரை ஃபுட் பாக்கெட்டில் தோராயமாக 8 வைத்துக்கொள்ளலாம். வெட் ஃபுட்டில் ஈரமே 80 போய்விடும், அதனால் மிச்சம் 3 என்று வந்ததும் ஆஹா என்று வாங்கிவிடக் கூடாது; ஈரம் போக உள்ள 20-ல் 3 என்றால் 15 சதவீதம். இதனால்தான் கிரேவி பவுச்சைவிட மசித்துக் கெட்டியாக வரும் வகை பெரும்பாலும் நல்லது. கிரேவியைக் கெட்டிப்படுத்தப் பெரும்பாலும் மாவு சேர்க்கிறார்கள். மசித்த வகை புண்ணான வாய்க்கும் இதம். ட்ரை ஃபுட் கடித்தால் பல் சுத்தமாகும் என்று கடையில் சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். பல பூனைகள் அதை மெல்லுவதே இல்லை, அப்படியே விழுங்குகின்றன.

சரி, இதையெல்லாம் படித்துவிட்டு இன்று ராத்திரியே ட்ரை ஃபுட்டை நிறுத்தி வெட் ஃபுட்டுக்கு மாற்றிவிட்டால் அதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு. பூனை இன்சுலினில் இருக்கிறது என்றால், அந்த டோஸ் பழைய சாப்பாட்டுக்குக் கணக்குப் போட்டது. மாவு குறைந்ததும் தேவைப்படும் இன்சுலினும் குறையும், சில பூனைகளுக்குப் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். டாக்டரிடம் சொல்லி, வீட்டில் குளுக்கோமீட்டரில் காதோரம் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்துக்கொண்டே, டோஸையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

சர்க்கரை கூடுவதைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள், ஆனால் வாய் வலிக்கும் பூனையிடம் நான் பயப்படுவது அது சாப்பிடாமல் போவதற்கு. ஊசியைப் போட்டுவிட்டுத் தட்டை வைப்பது பழக்கமாகிவிட்ட வீடுகளில் இது கட்டாயம் மாற வேண்டும்: முதலில் சாப்பாடு, எவ்வளவு உள்ளே போனது என்று கண்ணால் பார்ப்பது, அப்புறம் ஊசி. பசியோடு தட்டுக்கு ஓடிவந்து, முகர்ந்துவிட்டு, ஒரு வாய் எடுத்து, தலையைச் சாய்த்துச் சீறிவிட்டுப் போனால் அது திமிர் இல்லை, வலி. அன்று ஒன்றுமே இறங்கவில்லை என்றால் முழு டோஸைப் போடாமல் டாக்டருக்கு போன் செய்யுங்கள். பாதி சாப்பிட்டால் எவ்வளவு போடுவது என்பதை நன்றாக இருக்கும் நாளிலேயே கேட்டு ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டிவிட வேண்டும், ராத்திரி பத்து மணிக்கு யாரையும் பிடிக்க முடியாது. ஒரு வேளை ஊசி தவறினால் ஏறும் சர்க்கரையைவிட, வெறும் வயிற்றில் போட்ட ஊசியால் இறங்கும் சர்க்கரை சீக்கிரம் கொல்லும். தள்ளாடினால், துவண்டால், வலிப்பு வந்தால் தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ ஈறில் தடவிவிட்டு, வாய்க்குள் ஊற்றாமல், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான்.

இதோடு சேர்ந்தது சிரிஞ்ச். நம் மருந்துக்கடைகளில் யு-40, யு-100 இரண்டும் கிடைக்கும், சிவப்பு மூடி 40, ஆரஞ்சு மூடி 100. யு-100 இன்சுலினை 40 சிரிஞ்சில் அதே கோடு வரை எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போகும். பாட்டிலில் போட்டிருப்பதும் மூடியின் நிறமும் பொருந்துகிறதா என்று ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாருங்கள்.

சாப்பிடவில்லை, ஊசியும் போடவில்லை என்று பூனையை அப்படியே விட்டுவிடவும் முடியாது. இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால், குண்டான பூனைக்கு முக்கியமாக, ஈரலில் கொழுப்பு ஏறிவிடும். வாந்தியும் சோர்வும் சேர்ந்தால் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறியிருக்கலாம், அன்றைக்கே பார்க்க வேண்டிய அவசரம் அது. இந்த நிலையில் கண்டிப்பு வேண்டாம், எதைச் சாப்பிடுகிறதோ அதைக் கொடுங்கள்.

கடலூர், புதுச்சேரியில் மீனுக்குப் பஞ்சமில்லை என்பதால் மத்தியும் நெத்திலியும்தான் பூனையின் மூன்று வேளையும். மாவு இல்லாத சாப்பாடு என்ற வகையில் நல்லதுதான், ஆனால் பச்சையாகப் போட்டால் அவற்றில் உள்ள ஒரு நொதி பி1 வைட்டமினை அழித்துவிடும், அதனால் வேகவைத்தே கொடுங்கள். வெந்த தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே மசித்துவிடுங்கள், பூனைக்கு அவசியமான டாரின் அதில்தான் இறங்கியிருக்கும். முள்ளை எடுத்தே ஆக வேண்டும், புண்ணான ஈறில் அது குத்தினால் அந்த மீன் பக்கமே வராது. குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிய துண்டு கூடாது, வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். கருவாட்டில் உப்பு அதிகம். வெறும் மீனும் கோழியும் மட்டுமே மாதக்கணக்கில் கொடுத்தால் கால்சியம் போதாது, ஆகவே முழுச் சத்துள்ள வெட் ஃபுட்டை அடிப்படையாக வைத்து மீனை ஆசைக்குச் சேர்ப்பதே சரி. ஃபிரிட்ஜிலிருந்து அப்படியே வைக்காதீர்கள், குளிர் பல்லில் கூசும், வாசனையும் வராது. டப்பாவை வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்து வெதுவெதுப்பாக்கினால் போதும். நம் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தட்டு வெளியே இருந்தால் எறும்புக்குத்தான்.

வலிக்குக் கைவைத்தியம் பார்ப்பது தனிக் கொடுமை. பாரசிட்டமால் பூனைக்கு விஷம், கால் மாத்திரை கூட. கிராம்புத் தைலமும் அப்படியே, அதை உடைத்து வெளியேற்றும் வசதி பூனையின் ஈரலுக்கு இல்லை. வாய்ப்புண்ணுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் மறுநாளே தட்டைக் காலி செய்யும், சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறும். வேறு டாக்டரிடம் போனால் பூனைக்கு சுகர் இருப்பதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

சுகர் இறங்கட்டும், அப்புறம் பல்லைப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிறவர்கள் அதிகம். வாயில் சீழும் வீக்கமும் இருக்கும்வரை இன்சுலின் சரியாக வேலை செய்யாது, அதனால் நீங்கள் காத்திருக்கும் அந்த நாள் வராமலே போகலாம். பல்லைப் பிடுங்கிவிட்டால் எப்படிச் சாப்பிடும் என்ற கவலை வேண்டாம், பல்லே இல்லாத பூனைகள் நன்றாகச் சாப்பிடுகின்றன. புதுச்சேரி குருமாம்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, கடலூர்க்காரர்களுக்கும் எட்டும் தூரம்தான். மயக்க மருந்துக்கு முன் எத்தனை மணி நேரம் பட்டினி, அன்று காலை இன்சுலின் எவ்வளவு என்பதை முன்கூட்டியே கேளுங்கள், நீங்களாக முதல் நாள் ராத்திரியே தட்டை எடுத்துவிட்டு முழு ஊசியையும் போட்டுவிடாதீர்கள். பல் எடுத்து வலி போன பிறகு பழைய டோஸையே தொடர்வதும் தவறு. வீக்கம் வடிய வடிய இன்சுலின் தேவை குறைந்துகொண்டே வரலாம், முதல் சில வாரம் சர்க்கரையை அடிக்கடி பார்த்து டாக்டரிடம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.