வீ சென்சார் பார் கேபிளை நீட்டுவது எப்படி? முதல்முறையாக சோல்டரிங் செய்பவர்களுக்கு

பழைய நிண்டெண்டோ வீ (Wii) கேம் கருவியை புரொஜெக்டரில் மாட்டி விளையாட நினைத்தால் முதலில் இடிப்பது, திரையருகே வைக்கும் சென்சார் பார் என்ற பட்டையின் கேபிள்தான். டிவி மேசைக்கு அதன் மூன்றரை மீட்டர் தாராளம். ஆனால் தாமான் வரிசை வீட்டு ஹாலில் புரொஜெக்டரும் வீயும் பின்பக்கம் இருந்து, திரை முன்சுவரில் இருந்தால், கேபிள் பாதி வழியிலேயே நின்றுவிடும். அதை வெட்டி, நடுவில் கூடுதல் வயர் சேர்த்து நீட்டலாம். ஈயத்தை உருக்கி கம்பிகளை இணைக்கும் சோல்டரிங் அயனைத் தொட்டே பார்க்காதவர்களுக்கு இதைவிட நல்ல முதல் வேலை எனக்குத் தெரிந்து கிடையாது.

காரணம் இதுதான். அந்தப் பட்டைக்குள் இருப்பவை பத்து அகச்சிவப்பு எல்.இ.டி. விளக்குகள், முனைக்கு ஐந்து. கேமரா இருப்பது நம் கையில் உள்ள ரிமோட்டின் முன்முனையில். பட்டையின் இரு பக்க ஒளியைப் பார்த்து, நாம் எங்கே குறி வைக்கிறோம் என்பதை ரிமோட் புளூடூத் வழியாக வீக்குச் சொல்கிறது. ஆகவே கேபிளில் தகவல் எதுவும் ஓடுவதில்லை. வெறும் மின்சாரம், அதுவும் குறைந்த மின்னழுத்தத்தில், இரண்டே கம்பிகளில். இதே தைரியத்தில் படமும் ஒலியும் கொண்டுபோகும் எச்.டி.எம்.ஐ. கேபிளை வெட்டிவிடாதீர்கள், அது வேறு கதை. சுவரில் செருகும் மின்சார வயரின் பக்கம் போகவே வேண்டாம், அதில் இருப்பது 230 வோல்ட்.

பொருள்களுக்கு கோலாலம்பூரில் புடு பக்கம் ஜாலான் பசாருக்குப் போங்கள். எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் வரிசையாக இருக்கின்றன. 30 அல்லது 40 வாட் சோல்டரிங் அயன், அதற்கு ஒரு ஸ்டாண்ட், உள்ளே ரெசின் (மரப்பிசின்) வைத்த 60/40 ஈயக்கம்பி (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு ஈயம்; 0.8 மில்லிமீட்டர்), சூட்டில் சுருங்கும் குழாய் சிறியதும் பெரியதுமாக, கம்பி இணைந்திருந்தால் பீப் ஒலி எழுப்பும் ஒரு சாதாரண மல்டிமீட்டர். தண்ணீர்க் குழாய் வேலைக்கு விற்கும் ஃபிளக்ஸ் (ஈயம் பிடிக்கப் பூசும் பசை) வேண்டாம், அதிலுள்ள அமிலம் செம்பை அரித்துவிடும்.

நீட்டுவதற்கு ஸ்பீக்கர் வயர் போதும். 0.5 சதுர மில்லிமீட்டர் அளவில் 5 மீட்டர் சேர்த்தாலும், போக வர 10 மீட்டர் செம்புக்கு மின்தடை அரை ஓம்கூட வராது, விளக்கு மங்காது. ஆனால் அசல் செம்பா என்று கேட்டு வாங்குங்கள். மலிவு வயர்களில் சில, செம்பு பூசிய அலுமினியம். கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வைத்துவிடுங்கள். ஈயம் அதில் ஒழுங்காகப் பிடிக்காது.

சரி, வேலைக்கு வருவோம். கேபிளை வீயிலிருந்து கழற்றுங்கள். நடுவில் வெட்டுங்கள், பிளக்கை ஒட்டி வேண்டாம். இணைப்பு சரியில்லை என்றால் வெட்டி மறுபடி செய்ய வயர் மிச்சம் இருக்க வேண்டும், அந்த பிளக் வீக்கென்றே செய்தது என்பதால் மாற்று கிடைப்பது கஷ்டம். வெளியுறையை மூன்று சென்டிமீட்டர் உரியுங்கள். உள்ளே உறை போட்ட இரண்டு வயர்கள் இருக்கலாம். அல்லது ஒன்று உறையோடும், மற்றது அதைச் சுற்றிய வெறும் கம்பி வலையாகவும் இருக்கலாம். வலையாக இருந்தால் ஒருபக்கம் ஒதுக்கி முறுக்கி ஒரே கம்பியாக்கிக்கொள்ளுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் பழைய செம்பு கறுத்திருக்கும். பளபளப்பு வரும்வரை மெதுவாகச் சுரண்டுங்கள்.

ஸ்பீக்கர் வயரில் கோடு போட்ட பக்கம் எந்தக் கம்பிக்கு என்று இப்போதே ஒரு தாளில் எழுதிவையுங்கள். இரண்டு முனையிலும் அதே ஒழுங்கு. எல்.இ.டி. ஒரு திசையில்தான் எரியும், மாறினால் எரியாது.

கம்பிகளை முறுக்குவதற்கு முன்னால், சுருங்கும் குழாய்களை வயரில் கோத்துவிடுங்கள். இரண்டு முனையிலும் ஒவ்வொரு கம்பிக்கும் சிறியது ஒன்று, எல்லாவற்றையும் மூட பெரியது ஒன்று. சூடு படாத தூரத்துக்குத் தள்ளி வையுங்கள். இரண்டு இணைப்புகளும் பக்கத்தில் பக்கத்தில் வராதபடி ஒரு கம்பியைக் கொஞ்சம் குட்டையாக வெட்டுங்கள்; உறை கிழிந்தாலும் ஒன்றோடொன்று முட்டாது. பிறகு கேபிள் கம்பியையும் ஸ்பீக்கர் வயரின் கம்பியையும் சேர்த்து முறுக்குங்கள்.

அடுத்ததுதான் இந்த வேலையின் உயிர்நாடி. அயனின் நுனியில் ஈயத்தை உருக்கி கம்பிமேல் சொட்ட விடுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அப்படிச் செய்தால் ஈயம் மேலே உருண்டையாக உட்காரும், உள்ளே பிடிக்காது. இழுத்தால் கழன்று வரும். சூடாக வேண்டியது செம்பு. நுனியில் துளி ஈயம் பூசி, அதை முறுக்கின் அடியில் வைத்து ஓரிரு வினாடி பிடியுங்கள். ஈயக்கம்பியை மேல்பக்கம் செம்பில் தொடுங்கள். செம்பு சூடேறியிருந்தால் ஈயம் தானாக உருகி, திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் இழைகளுக்குள் ஓடும். ஓடியதும் ஈயக்கம்பியை எடுங்கள், பிறகு அயனை எடுங்கள். ஆறும்வரை அசைக்காதீர்கள். ரொம்ப நேரம் சூடுகாட்டினால் உள்வயரின் உறை உருகி இரண்டு கம்பிகளும் ஒட்டிக்கொள்ளும். முதலில் வயர்த் துண்டுகளில் கை பழகிவிட்டு இதில் இறங்குங்கள்.

புகை ரெசினிலிருந்து வருவது, நெஞ்சை எரிக்கும். சன்னலைத் திறந்து, புகையை வெளியே தள்ளும்படி காற்றாடியை வையுங்கள். வேலை முடிந்ததும் சாப்பாட்டைத் தொடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், ஈயம் விஷம்.

குழாய்களைச் சுருக்குவதற்கு முன் மல்டிமீட்டர். பட்டையின் பக்கத்திலிருந்து பிளக் பக்கம்வரை ஒரே கம்பியில் பீப் வர வேண்டும்; இரண்டு கம்பிகளுக்கு இடையில் வரவே கூடாது. வந்தால் வீயில் செருகாதீர்கள், இணைப்பைப் பிரித்துப் பாருங்கள். எல்லாம் சரி என்றால் குழாய்களை இணைப்பின்மேல் இழுத்து, சூடான காற்றில் சுருக்குங்கள்.

செருகி வீயை ஆன் செய்து, கைப்பேசியின் முன்கேமரா வழியாகப் பட்டையைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளி பெரும்பாலான கேமராக்களில் வெளிர் ஊதாவாகத் தெரியும். பட்டையைத் திரைக்கு மேலே வைத்தீர்களா கீழேயா என்பதை வீயின் செட்டிங்ஸில் சொல்லிவிடுங்கள். அப்புறம் ஒன்று: நீண்டது கேபிள்தான், ரிமோட்டின் பார்வை அல்ல. பட்டையிலிருந்து ஐந்து மீட்டருக்குள் நின்றுதான் விளையாட வேண்டும்.