'மியூட்டினி' என்ற சொல்லை வேலூர்க் கோட்டையோடு சேர்த்துப் படியுங்கள்

'மியூட்டினி' என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் 'கலகம்' என்று மட்டும் நோட்டில் எழுதி நிறுத்திக்கொண்டால் போதாது. படைவீரர்களோ மாலுமிகளோ தங்கள் மேலதிகாரிகளின் ஆணையை மீறித் திரண்டெழுவதே மியூட்டினி. பொதுமக்கள் கிளர்ந்தெழுந்தால் 'ரிவோல்ட்', 'ரிபெல்லியன்' என்பவையே பொருந்தும். 1806 ஜூலை 10 விடியுமுன் நம் வேலூர்க் கோட்டைக்குள் நடந்ததை எண்ணிப் பாருங்கள்: நெற்றிக் குறி கூடாது, தாடி கூடாது, புதுவகைத் தலைப்பாகை அணிய வேண்டும் என்ற கட்டளைகளைப் பொறுக்காத சிப்பாய்கள்தாம் எழுந்தார்கள். (விடுதலைப் போரின் முன்னோடியாக நாம் போற்றுவதை மியூட்டினி என்றது ஆங்கிலேயரின் பார்வை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.) இச்சொல்லின் வேர், 'அசைத்தல்' என்று பொருள்படும் லத்தீன் 'மொவேரே', பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. மூவ், மோட்டார், மோஷன் ஆகியவையும் அதே வேரில் கிளைத்தவை என்பதால், நான்கையும் ஒரே வரியில் எழுதிப் பக்கத்தில் 1806 என்று குறித்துவையுங்கள்.